உப்பில்லாத டப்பாக்கள்

மார்ச் 6, வெள்ளி

பூசணி இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகக் குழைந்துவிட்டது. ரவுடிக்குப் பரவாயில்லை, பாதிப் பல் போன கிழட்டு நாய். கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசி, பூசணி, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சமே கொஞ்சம் கோழி. உப்பு கிடையாது. முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் மாவாக்கி, டாக்டர் தந்த குட்டி ஸ்பூனால் அளந்து தூவ வேண்டும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் தேய்க்கிறவள் நான், அளவு எனக்குப் புதிதில்லை. இவன் சிறுநீரகம் தேய்ந்துவிட்டது, இனி வாயைக் கட்டுவதுதான் மருந்து என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்தச் சமையல்தான்.

சாயங்காலம் அவர் வந்தார். விவாகரத்து ஆகி இரண்டு வருஷம். கட்டில், பீரோ, பாத்திரம் எதைப் பிரிப்பதிலும் சண்டை வரவில்லை, நாயைப் பிரிப்பதில்தான் வந்தது. கடைசியில் வார நாட்கள் எனக்கு, வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை அவருக்கு என்று முடிவானது. வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வருவதில்லை. நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதும் இல்லை. எல்லாம் ரவுடி மூலமாகத்தான்.

"ரவுடி, போன வாரம் டப்பா மூடியில பிசுக்கு அப்படியே இருந்துச்சுன்னு சொல்லு."

"ரவுடி, நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ற கை, பிசுக்கு இல்லாம எப்படி இருக்கும்னு கேளு."

ரவுடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டினான். பெயர்தான் ரவுடி. பக்கத்து வீட்டுப் பூனை தும்மினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

டப்பாக்களையும் அவன் போர்வையையும் பையில் போட்டுக் கொடுத்தேன். படியிறங்கும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். நாயைச் சொல்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ரவுடி என்னிடம் வரவில்லை. கதவுக்கு நேரே படுத்து, படிக்கட்டுச் சத்தத்துக்குக் காதைத் தூக்கிக்கொண்டு கிடந்தான். கூப்பிட்டேன், கொஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. வாரம் முழுக்க ஆக்கிப் போடுகிறவள் நான், ஏக்கம் மட்டும் அவருக்கா?

ஈரல் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடி நெளிந்த சத்தத்துக்கே எழுந்து வந்துவிட்டான்.

ஒன்றே ஒன்றுதான். ஈரல் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னது தெரியும். வாரத்துக்கு ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும்? பாதியை மென்றான், மீதியை வாயிலேயே வைத்துக்கொண்டு போர்வைக்குப் போனான். அப்புறம் வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அவன் என்னுடையவன் மட்டுமாக இருந்தான்.

மார்ச் 9, திங்கள்

சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கே என்னவோ கொடுக்கிறார். நாக்கில் ருசியைக் காட்டிக் கெடுத்து அனுப்புகிறார். வேறென்ன?

மார்ச் 11, புதன்

அக்கா போனில் வழக்கமான பாட்டு. "நாய்க்கு அளந்து அளந்து ஆக்குற, உனக்கு என்னடி ஆக்குற? எலும்பும் தோலுமா நிக்கிற."

ரவுடி மிச்சம் வைப்பதில் உப்பைத் தூவி நான் சாப்பிட்டுவிடுகிறேன் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மார்ச் 14, சனி

ரவுடி அவர் வீட்டில். எனக்கு லீவு. பிஸ்கட் சுட்டேன்.

ஈரலை அரைத்துக் கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, தட்டி, துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் ஒரு குத்து. இல்லாவிட்டால் உப்பிக்கொள்ளும். என் முள்கரண்டியில் ஒரு பல் உடைந்திருப்பதால் என் பிஸ்கட்டில் எப்போதும் மூன்று புள்ளிதான்.

யாருக்காகச் சுடுகிறேன்? தெரு நாய்களுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெரு நாய்களுக்கும் போடுகிறேன்தான்.

முன்பெல்லாம் தட்டு ஆறும்வரை ரவுடியைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. நல்ல காவல்! ஆறுவதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று திருடியிருப்பார்கள். வாயில் மாவோடு நின்றுகொண்டு, "உப்பு மட்டும் போட்டிருந்தா பிரமாதம்" என்பார். நாய்க்குச் செய்ததில் உப்புக் கேட்கிற ஒரே மனுஷன். அந்தச் சமையலறையும் இதேதான், அடுப்பும் இதேதான். எப்போது சிரிப்பதை நிறுத்தினோம் என்று யோசித்தால் ஒரு நாளைக் காட்ட முடியவில்லை. பெரிய துரோகம், பெரிய சண்டை எதுவும் கிடையாது. ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் வந்தால் வாயை மூடிக்கொள்வோம், இரண்டு பேரும். அப்படியே மூடிக்கொண்டே போய்விட்டோம்.

மார்ச் 15, ஞாயிறு

வாரைக் கழற்றிவிட்டு உடனே போகாமல் அவர் வாசலில் குந்தி, ரவுடியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரவுடி, ஆசையா குடுத்தாலும் வேணாம்னு சொல்லக் கத்துக்கடா."

என் சமையலுக்குத்தான் இந்தக் குத்தல். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ரவுடி, குறை சொல்றவங்களை வந்து ஆக்கிக் காட்டச் சொல்லு" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். ரவுடி கதவருகே போய்ப் படுத்தான். அந்தக் கோபத்தில் இரண்டு பிஸ்கட் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

விடிந்ததிலிருந்து வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. பின்னங்கால் மடங்கி மடங்கி விழுகிறான்.

அவருக்குப் போன் செய்தேன். போனில் நடுவில் ரவுடி இல்லையே, யாரைச் சொல்லச் சொல்வது? "ரவுடிக்கு முடியல" என்று மட்டும் சொன்னேன். "வரேன்" என்றார். கையில் கிரீஸோடு அப்படியே வந்தார்.

மார்ச் 20, வெள்ளி

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இவ்வளவு வேகமா ஏறக் கூடாது. நான் சொன்ன சாப்பாடு தவிர வேற என்னமோ உள்ள போகுது. யார் குடுக்கிறது?"

ரவுடி அந்தத் தகர மேஜை மேல் கிடந்தான். நான் அவன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றார் அவர். "ஈரல் பிஸ்கட். சனி, ஞாயிறுல."

டாக்டர் திட்டித் தீர்த்தார். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பாசம்னு நினைச்சு விஷத்தைக் குடுத்திருக்கீங்களே என்று. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அப்போ அவரும் கொடுத்திருக்கிறார். நான் மட்டும் இல்லை. இதை எழுதுகிறபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, சே.

மார்ச் 21, சனி

சொல்லியிருக்கலாம். வாய் இருந்தும் ஊமை மாதிரி நின்றேனே.

மார்ச் 25, புதன்

தினமும் ட்ரிப்ஸ். காலையில் நான் கூட்டிப் போகிறேன், மாலையில் அவர் தூக்கி வருகிறார். எங்கள் வீட்டு லிஃப்ட் ஓடவில்லை. ஊரார் லிஃப்டையெல்லாம் சரி செய்கிறவர் இதில் மட்டும் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறார். மூச்சு வாங்குகிறது.

பிஸ்கட் டின்னைத் தெருவில் கவிழ்த்துவிட்டு வந்தேன். டின்னையும் சேர்த்து எறிந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

"இனிமே அதுக்குப் புடிச்சதைக் குடுங்க" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்று அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். நான் ஈரல் அரைத்தேன், அவர் மாவு சலித்தார். முள்கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கும் என்று கேட்காமலே எடுத்துத் தந்தார். ரவுடியை அடுப்பின் பக்கத்தில் போர்வை விரித்துப் படுக்க வைத்தோம். வாசனை வந்தபோது மூக்கு மட்டும் அசைந்தது.

ஆறிய பிறகு அவர் ஒன்றைப் பொடித்து நீட்டினார். தின்னவில்லை. அவர் விரலை நக்கினான், பிறகு என் விரலை.

"ரவுடி, அம்மாவை அழ வேணாம்னு சொல்லு."

"ரவுடி, அப்பாவும்தான் அழறாருன்னு சொல்லு."

ஒரு தட்டுப் பிஸ்கட் அப்படியே இருந்தது. இந்தத் தடவை யாரும் திருடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

போய்விட்டான். தலை என் மடியில், கால்கள் அவர் மடியில்.

ஏப்ரல் 3, வெள்ளி

கடை முடிந்து வரும் வழியில் பூசணிக் கீற்று வாங்கி வந்திருக்கிறேன். அரிந்தும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது. என்ன செய்வது இதை?

ஏப்ரல் 10, வெள்ளி

டப்பாக்களைத் தருவதற்கு வந்தார். வாசலில் நின்றோம். பேச வாயெடுத்ததும் இரண்டு பேர் கண்ணும் தானாகத் தரைக்குப் போனது, அவன் நிற்கும் இடத்துக்கு. அங்கே மிதியடிதான் இருந்தது.

இனி தள்ளிப்போட முடியாது என்று பட்டது. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைல நானும் குடுத்தேன். பிஸ்கட். ஒவ்வொரு ஞாயிறும்."

"தெரியும்."

போர்வையை உதறும்போது ஒளித்துவைத்த பாதிப் பிஸ்கட் ஒன்று விழுந்ததாம். மார்ச் பதினாலாம் தேதி, சனிக்கிழமை. "மூணு புள்ளி வேற யாரு குத்துவா?"

"அப்ப நீங்க குடுத்தது?"

"நான் எதுவும் குடுக்கல."

பிறகு ஏன் டாக்டரிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "நீ அவன் காதைப் புடிச்சிருந்த விதம். பாக்க முடியல." அப்புறம், "அந்த ஞாயிறே உன்கிட்ட நேரா சொல்லியிருக்கணும். ரவுடிகிட்ட சொன்னேன். அவன் என்ன பண்ணுவான் பாவம்?" என்றார்.

ஆசையா குடுத்தாலும் வேணாம்னு சொல்லக் கத்துக்கடா.

அவன் வயசுக்கு எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாரு, என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரோ, நிஜமோ. போகும்போது இன்னொன்று. கம்பெனி அவரை வேறு ஊருக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ரவுடிக்காகத்தான் தள்ளிப்போட்டாராம். இனி சாக்கு இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஏன்யா திட்டல? வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கத் திட்டியிருக்கலாமே! நான்தானே கொன்னேன். மடியில படுக்க வெக்கணும்னு ஆசைப்பட்டு, கதவை விட்டு அவனை இழுக்கணும்னு... அவன் மட்டுமா அந்தக் கதவைப் பாத்துட்டு இருந்தான்? நானும்தானே. ஒரு நாய்க்கிட்டப் போட்டி போட்டேனா, நாய்க்காகப் போட்டி போட்டேனா? ஒண்ணும் புரியல. பெத்த புள்ள மாதிரி வளர்த்தோம். பேசத் தெரியாத புள்ளைய நடுவுல நிறுத்தி எல்லாத்தையும் அவன் தலையில கட்டினோம்.

போதும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா வந்து போர்வையைத் துவைக்கிறேன் என்றாள். தரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நாளைக்குக் கிளம்புகிறாராம். சொல்லிவிட்டுப் போக வந்தார்.

நேற்றே போனில் சொல்லியிருந்தார், கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருந்தேன். சோறு, பூசணி, முட்டை, இந்தத் தடவை மஞ்சள் கருவும் சேர்த்து, கோழி தாராளமாக. அதே டப்பாக்களில் போட்டேன். வேறு டப்பா இருந்தது. இதில்தான் போட வேண்டும் போல இருந்தது.

பையை நீட்டினேன். அவர் வாங்கி ஒரு மூடியைத் திறந்து பார்த்தார். கண் கீழே போகவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உப்பு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

சிரிக்கத்தான் பார்த்தோம். இரண்டு பேருக்குமே பாதிக்கு மேல் வரவில்லை. உடம்பைப் பாத்துக்க என்றார். நீங்களும் என்றேன். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம், தூரம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவர் இறங்கிப் போனார். உள்ளே போக மனசில்லாமல் கதவுக்கு நேரே, ரவுடி படுக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். இங்கிருந்து படிக்கட்டுச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்கிறது. இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது.