கலந்து உட்கார வைத்தார்கள்

18.9.1991, புதன். மண்ணூர்.

நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

இன்று பல்கலைக்கழகத்தில் சமபந்தி விருந்து. சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். நானும் லதாவும் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருஷமாக என் டிபன் பாக்ஸில் கேட்காமலே கை விடுகிறவள் அவள்.

இலை போட்டதும் துறைத் தலைவர் வந்தார். "இப்படி இஷ்டத்துக்கு உக்காந்தா கலந்த மாதிரி தெரியாது. எஸ்.சி. பிள்ளைங்க மட்டும் எழுந்திருங்க, நான் நடுநடுவுல உக்கார வைக்கிறேன்" என்றார்.

எழுந்தேன். லதா அண்ணாந்து பார்த்தாள்.

எல்லோரையும் அலசிப் பார்த்துவிட்டு என்னைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். போட்டோ எடுத்தார்கள். லதா தன் தண்ணீர் டம்ளரை என் பக்கத்திலிருந்து மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினாள். நான் பாதியிலேயே இலையை மூடினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கிறாள், "நாளைக்குப் புளிசோறு. லதாவுக்கும் சேத்துக் கட்டட்டுமா?"

"எனக்கு மட்டும் போதும்மா."

"இன்னாடி, சண்டையா?"

"இல்லம்மா. இன்னிக்குத்தான் எங்கள ஒண்ணா சேத்து வச்சாங்க."