கெளுத்தி இன்று முழுநாள் தனியாக இருந்தாள்

என் ஆசை நைனாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கெளுத்தி இன்று காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் வீட்டில் தனியாக இருந்தாள்! கத்தவில்லை. கதவைப் பிறாண்டவில்லை. தட்டில் வைத்த சோறு காலி. கேட்கிறதா நைனா? காலி!

இதற்கா இந்தக் குதி குதிக்கிறாய் என்று நீ சிரிப்பாய். நீ போன இந்த எட்டு மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே. மீசையைப் பார்த்து நீ மீன் பேர் வைத்த பூனை, ஒரு மாதம் வாசலிலேயே கிடந்தாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் குளிக்கப் போனால் கத்தல். கடைக்குப் போனால் என் பாயில் மூத்திரம். எனக்காவது கட்டிப்பிடித்து அழ நாலு பேர் இருந்தார்கள். அவளுக்கு நான் மட்டும்தானே?

போன மாதம் பொன்னேரியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முப்பத்தாறு வயதில் முதல் வேலை நைனா! கண்ணாடியைத் துடைத்து, வருகிறவர் மூக்கில் மாட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிற வேலை. முதல் நாள் மதியமே பக்கத்து வீட்டு தேசம்மா அக்கா போன் அடித்தாள்.

"இன்னாடி இது, பூனையா பேயா? கத்தற கத்துல காது கிழியுது. ஜன்னல் கம்பிய கடிச்சி வாயெல்லாம் ரத்தமா கீது. சீக்கிரம் வாடி!"

ஓடிவந்தேன். மறுநாளும் அதே கதை. கடைக்காரம்மா தங்கமானவர்தான், ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "பத்து நாள் டைம் தரேன் சுந்தரி. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். திருப்பாலைவனத்தில் ஒரு வீட்டில், நெல் மூட்டைக்கு எலித் தொல்லை, பூனையைக் கொடு என்று கேட்டார்கள். நான் ஒருநாள் அவளைக் கொண்டுபோகப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். திட்டாதே நைனா. பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து அழுதுவிட்டு, திரும்பவும் பரண்மேல் போட்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அவளைப் புரட்டிப் பார்த்தார். வாய்ப் புண் ஆறிவிடும், மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை, ஆள் பிரிகிற பயம்தான் என்றார். ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று வெளியே போய்வந்து பழக்கச் சொன்னார். பழக்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா சுந்தரி, காலைலேர்ந்து பத்து வாட்டி போற, பத்து வாட்டி வர்ற. வூட்ல இன்னாத்த மறந்துட்ட?" என்று தேசம்மா அக்கா வேறு.

நானும் சும்மாவா போனேன்? ஒவ்வொரு தடவையும் அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, "அஞ்சு நிமிசத்துல வந்துடுவேன்டி என் கண்ணு, பயப்படாத" என்று முத்தம் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு மீனையும் போட்டுவிட்டுத்தான் போனேன். அவள் மீனைத் தொடவே இல்லை. நான் தூக்கின உடனே கத்தல் ஆரம்பித்துவிடும். ஐந்து நாள் இப்படியே போனது.

ஆறாம் நாள் தேசம்மா அக்கா தெருவிலிருந்து கூப்பாடு போட்டாள். "ரேசன்ல பாமாயில் வந்துக்கீது, ஓடியா!" கார்டையும் பையையும் வாரிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. ஐயோ, கெளுத்தி! எண்ணெயாவது மண்ணாவது என்று வீட்டுக்குப் பறந்தேன்.

உன் வலைக்குவியல்மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள் நைனா! ஒரு கண்ணைத் திறந்து, "வந்துட்டியா" என்று பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ வலையைத் தோளில் போட்டால் யாரும் எங்கே என்று கேட்கக் கூடாது. நீயும் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டாய்; சொன்னால் திரும்பி வர முடியாது என்பாய். எட்டு வருஷம் கெளுத்தி பார்த்தது அதைத்தான். பேசாமல் போகிற ஆள் மீனோடு திரும்பி வருவார். ஒரே ஒரு நாள்தான் உன்னைப் பேச்சோடு அனுப்பினோம். கூடத்தில் கிடத்தியிருந்த உன்மேல் விழுந்து கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, கதறி. அன்றைக்குப் போனவன் நீ திரும்பவே இல்லை. அதையேதான் நான் தினம் பத்து தடவை அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன், மூதேவி!

அதோடு விட்டேன். அணைப்பு இல்லை, கொஞ்சல் இல்லை. தட்டில் சோறு, காலில் செருப்பு, கிளம்பு. மீன், நான் திரும்பி வந்த பிறகுதான். முதலில் பக்கத்தில் இருக்கும் தோணிரேவு வரைக்கும் போய்வந்தேன். மறுநாள் பொன்னேரி வரைக்கும். இன்று வேலைக்கே போய்விட்டேன்! சாயங்காலம் தேசம்மா அக்கா தெருவிலேயே மறித்துக்கொண்டாள்.

"நாலு வாட்டி ஜன்னலாண்ட வந்து பாத்தேன்டி. தூங்குது, நக்கிக்குது, மறுபடி தூங்குது. மகராணி! எனக்குத்தான் சத்தமே இல்லாம ஒருமாரி ஆயிடுச்சி."

ஒன்று சொல்லட்டுமா? உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் டீ வாங்கிவா என்று என்னை அனுப்பிவிட்டு, நான் வருவதற்குள் போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எட்டு மாதம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். சொன்னால் திரும்பி வர முடியாது என்றுதான் சொல்லாமல் போனாயா நைனா? வரவேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்ததா உனக்கு?

நாளைக்கும் எட்டு மணிக்குக் கிளம்புவேன். அவளை யாருக்கும் கொடுக்க மாட்டேன், இது சத்தியம். எந்த வேலைக்குப் போனாலும், சாயங்காலம் அவளுக்கு ஒரு மீனோடு நான் வீட்டில் இருப்பேன்.

உன் மகளும்,
உன் கெளுத்திக்கு இப்போது அம்மாவுமான
சுந்தரி