லீவில் இருந்தவளுக்குப் போட்ட போன்

வெள்ளி, பௌர்ணமி

லாட்ஜில் ஒரு அறைகூட காலி இல்லை. இப்படிப்பட்ட நாளில்தான் ரிசப்ஷனில் இருக்கும் கவிதா லீவு கேட்டாள்.

“டபுள் சம்பளம் தர்றேம்மா” என்றேன்.

“அது வேணாம் சார். இங்க சேர்ந்து மூணு வருஷமாச்சு, ஒரு பௌர்ணமிக்குக்கூட மலைய சுத்தல. அதுக்குத்தான் கேக்கறேன்.”

பௌர்ணமிக்கு லீவு கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மேனேஜராகிப் பதினாறு வருஷம், நானாகத்தான் கேட்கவில்லை. எரிச்சலோடு அனுப்பி வைத்தேன்.

எட்டு மணிக்கு, ஸ்டோர் ரூம் சாவியைக் காணோம் என்று அவளுக்கு போன் போட்டேன்.

“சொல்லுங்க சார்.” குரலில் கோபமே இல்லை. பின்னால் ஆயிரம் வெறுங்கால்கள் நடக்கும் சத்தம், மழை விட்ட பிறகு மரம் சொட்டுவது போல.

“எங்கம்மா இருக்க?”

“அடி அண்ணாமலை தாண்டிட்டேன் சார். நிலா இப்பதான் மலைக்கு மேல வருது.”

நான் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் போனை வைக்கவில்லை. கவுன்டரில் உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் நானும் நடந்தேன்.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. போன் போடும்போதே அது எனக்குத் தெரியும்.