அனூக்கின் பரீட்சையும் எனக்குக் கிடைத்த பாராட்டும்

அன்பு மகன் ரெமிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். வான்கூவரில் நீயும் கிளாராவும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய், அதற்கு வருகிறேன். அப்பாவிடம் ஏணியில் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மறுநாளே செர்ரி மரத்தில் இருந்தார். கீழே நின்று நான் கத்தக் கத்த, விட்டால் குருவி தின்றுவிடும் என்று மேலேயிருந்தே பதில் சொல்கிறார். ஜாம் நன்றாக வந்திருக்கிறது, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, குழந்தைக்குக் காது மூடும் தொப்பி போடுங்கள், கிளாரா வேண்டாம் என்றால் நான் சொன்னதாகச் சொல்லாதே.

போன ஞாயிறு நான் உன்னிடம் சொன்னது உண்மை இல்லை ரெமி. அதற்காகத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் உன் குரலைக் கேட்டதும் மறுபடியும் மழுப்பிவிடுவேன். இசைப்பள்ளிப் பரீட்சையில் ஒரு பெண் தடுமாறினாள், நான் பிடித்துக் காப்பாற்றினேன், நடுவர்கள் என்னைப் பாராட்டினார்கள், இயக்குநரும் இன்னும் ஒரு வருடம் வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்றார் என்று சொன்னேன். நீ கிளாராவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தாய், அவள் கை தட்டினாள், அவளைப் பார்த்துக் குழந்தையும் தட்டியது. நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. நீ ட்ரம்பெட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். என் வேலை உனக்குத் தெரியும், பிள்ளைகள் பரீட்சையில் வாசிக்கும்போது கூடவே பியானோ வாசிப்பது. பிள்ளை ஓர் அடியைத் தாண்டிக் குதித்தால் நானும் குதிப்பேன், தயங்கினால் நானும் இழுத்து வாசிப்பேன், நடுவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று அனூக்கின் முறை. கிளாரினெட் வாசிக்கிற பெண், பதினான்கு வயது, அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். போன வருடம் அவள் தேறவில்லை. இந்த வருடமும் தேறாவிட்டால் இடம் போய்விடும், காத்திருக்கிற வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள், நகராட்சிப் பள்ளி என்றால் அப்படித்தான். தனியாக ஆசிரியர் வைத்துப் படிக்க அந்த வீட்டில் வழி கிடையாது. நல்ல வெயில், சன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம், மாடியில் ட்ரம்பெட் வகுப்பு காதைத் துளைத்தது, பரீட்சை இழுத்துக்கொண்டே போய்ச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. அப்படி நேரமாகிவிட்டால் எப்போதும் செய்வதையே நடுவர்கள் செய்தார்கள். பாட்டின் முதல் பகுதி முடிகிற இடத்தில் இரட்டைக் கோடு இருக்கும், அங்கிருந்து திரும்பி வந்து முதலிலிருந்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும். திரும்ப வேண்டாம், நேராகப் போய்விடுங்கள் என்று வெளியூரிலிருந்து வந்த தலைமை நடுவர் சொன்னார். அனூக் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அந்த இடம் வந்தது, அவள் நேராகப் போனாள், என் கை திரும்பிவிட்டது. எத்தனையோ வருடமாக எத்தனையோ பிள்ளைகளோடு வாசித்த பாட்டு, காகிதத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வருடம் வேலை கேட்டு எழுதிய என் மனு இயக்குநர் மேசையில் இருந்தது, என் மனம் அதில் இருந்தது. இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மோதின, பயந்துபோய் அவள் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை, பழக்கதோஷம், கண் இமைக்கும் நேரத்தில் அவள் இருந்த இடத்துக்குத் தாவி அவளுடைய சுரத்தைப் பலமாக அடித்துக் காட்டி வா என்று தலையசைத்தேன். வந்தாள், ஆனால் மூச்சு கலைந்துவிட்டது, கடைசி வரை கீச்சுக் கீச்சென்றே போனது. நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை நின்றது அவள், நிற்காதது நான், நின்றவள்தானே தவறியவள். நல்ல நேரத்தில் காப்பாற்றினீர்கள் மேடம் என்று தலைமை நடுவர் எல்லார் முன்னாலும் சொன்னார். தாளத்தை எண்ணுவது போதாது என்று அவளுக்கு எழுதித் தேறவில்லை என்று போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே நடையில் அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, "மன்னிச்சுக்கோங்க மேடம், உங்களையும் குழப்பிட்டேன்" என்றாள். நான் அவள் கன்னத்தைத் தட்டி, பரவாயில்லை என்றேன். கை தவறியதை விடு ரெமி, யார் கையும் தவறும். அந்தப் பரவாயில்லையை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதோடு விட்டிருப்பேனோ என்னவோ, தெரியாது. செவ்வாய்க்கிழமை அவள் கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள், பள்ளி இரவலாகக் கொடுத்ததுதானே. அவள் போன பிறகு வரவேற்பு மேசையில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், நானும் பக்கத்தில் நின்றேன். பளபளவென்று துடைத்து, ஊதுகிற வாயில் பொருத்தும் நாணல் பட்டையில் புதிதாக ஒன்று வாங்கி உள்ளே வைத்திருந்தாள், அடுத்து எடுக்கிற பிள்ளைக்கு ஆகுமே என்று. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, நானா இயக்குநர்?" என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இயக்குநர் தெல்மாஸிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, நடுவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், எழுதியதை மாற்றும் வழக்கம் இல்லை, நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாதே மிரெய் என்றார். நான்தான் சொல்லிவிட்டேனே, இப்போது உங்களுக்கும் தெரியுமே என்றேன். பரீட்சை ஏட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, தவறு பள்ளியுடையது, செப்டம்பரில் வேறு நடுவர்களை வைத்துக் கேட்கலாம், அதுவரை இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்றார். அவர் வாயால் சரி என்று சொல்லியும் இன்னும் கையெழுத்துப் போடாத என் மனு மேசையில் மேலாகவே இருந்தது. பேசிக்கொண்டே அதை எடுத்து மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தார். குறை சொல்ல எனக்கு வாய் ஏது.

அங்கிருந்தே டிராம் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி அனூக் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், நான் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நான் சரியாத்தான் எண்ணினேனா?"

ஆமாம் என்றேன். எங்கே தவறினோம் என்று தினமும் காலால் தட்டித் தட்டி எண்ணிப் பார்த்தாளாம், பிடிபடவே இல்லையாம், தனக்குத் தாளமே வராது என்று முடிவு கட்டிவிட்டாளாம். செப்டம்பரில் திரும்ப வாசிக்கலாம் என்று சொல்லி, கிளாரினெட்டை நாளைக்கே வந்து வாங்கிக்கொள் என்றேன்.

"வாசிக்கிறேன். ஆனா நீங்க வேண்டாம் மேடம். வேற யாராவது கூட வாசிக்கட்டும்."

பெரியவரிடம் பேசுகிற பேச்சா இது என்று அவள் அம்மா அதட்டினாள். விடுங்கள், அவள் கேட்பது நியாயம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். டிராமில் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். புதிதாக வந்திருக்கிற காஸ்பார் வாசிக்கட்டும் என்று தெல்மாஸ் முடிவு செய்துவிட்டார். பாட்டை அவனிடம் கொடுத்தபோது, கவனமாக இருக்க வேண்டிய இடம் ஏதாவது உண்டா என்று கேட்டான். அந்த இரட்டைக் கோட்டைக் காட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கிளாராவிடம் இந்தக் கதையை நீயே திருத்திச் சொல், தட்டிய கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதுதான், இருந்தாலும் சொல். குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். நீங்கள் மூவரும் குறையில்லாமல், என்னைவிட நேர்மையாக இருக்க வேண்டும், அதுவே என் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். பரவாயில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன்
அம்மா மிரெய்