கோவில் கீபோர்டும் என் சாம்பல் பெட்டியும்

2007, மே 27, ஞாயிறு

மாதா கோவிலில் எட்டு மணிப் பூசை முடிந்து கீபோர்டை உறையில் போடப் போனேன். ஜெபசீலன் சார் அதன்மேல் கையை வைத்துத் தடுத்தார். "இது இங்கயே இருக்கட்டும் அமலா. இனிமே வீட்டுக்கு வேண்டாம்."

ஒன்பது வருடமாக ஞாயிறு பூசைக்கு நான்தான் வாசிக்கிறேன். பழகுவதற்காக வார நாளில் கீபோர்டு என் வீட்டில்தான் இருக்கும். பாடகர் குழுவின் தலைவர் அவர்தான். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் அவர்தான். இப்போது என்ன வந்தது?

வந்தது சுபத்ராவின் நடன வகுப்பு. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில், பெண்களுக்கு மட்டும் நடத்துகிறாள். சினிமாப் பாட்டு வைத்தால் நடுவில் வயலின் வந்து எல்லார் காலும் நின்றுவிடுகிறது, நிற்காமல் ஓடுகிற மாதிரி ஏதாவது போட்டுக் கொடேன் என்று கேட்டாள். கோவில் கீபோர்டில் வாசித்து, கம்ப்யூட்டரில் பதிந்து, அடுக்கிக் கொடுத்தேன். வார்த்தையே கிடையாது. தாளம், அடியில் பாஸ் என்கிற கனத்த ஒலி, மேலே ஒரு சின்ன மெட்டு. ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் ஜெபசீலன் சாரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஆண்டவருக்கு வாசிக்கிற கீபோர்டுல டிஸ்கோவா?" அவ்வளவுதான் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. மொத்தக் குழுவும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மே 28, திங்கள்

அம்மா மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். எதற்கு? கீபோர்டு கோவில் சொத்து, சரி, வைத்துக்கொள்ளட்டும். அதற்குமேல் என்ன தப்பு? முப்பத்து மூன்று வயதில், கல்யாணமாகாத ஒருத்தி, கால் தானாக ஆடுகிற மாதிரி ஒன்றைச் செய்தாள் — அதுதானே?

கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன்.

ஜூன் 2, சனி

வகுப்புக்குப் போனேன். நான் ஆடுவதில்லை, மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். ரிட்டயரான ஞானசௌந்தரி டீச்சர் முதல் ஃபாயிசா வரை பதினாறு பேர். ஃபாயிசா கிழக்குத் தாம்பரத்தில் டிராவல்ஸ் நடத்துகிறாள். மாமனார் ஆரம்பித்த கடை, இப்போது முழுக்க அவள் கையில். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவாள். அவளுக்கு முன்னால் யாரும் களைத்துப்போக முடியாது.

ஆகஸ்டில் வகுப்பின் முதல் ஆண்டு விழா. வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு மேடையில் ஆடப்போகிறார்கள். இருபது நிமிடத்துக்குப் புதிதாக இசை வேண்டும். கீபோர்டு போன கதையைச் சொன்னேன். சுபத்ரா, "கஷ்டம்னா விட்டுடு அமலா, சினிமாப் பாட்டே வெச்சிக்கலாம்" என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குத்தான் சுருக்கென்றது.

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாமலேயே.

ஜூன் 6, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கம்ப்யூட்டர் பாடம், வாரத்துக்கு முப்பத்திரண்டு பீரியட்.

தேடியதில் ஒரு வழி தெரிகிறது. கீபோர்டே இல்லாமல், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒலியைப் பிறப்பிக்கும் மென்பொருள் இருக்கிறது. சாஃப்ட்வேர் சிந்தசைசர் என்கிறார்கள். கோவில் கீபோர்டில் இருந்தது யாரோ செய்துவைத்த புல்லாங்குழல், யாரோ செய்துவைத்த வயலின். இதில் வெறும் அலையை எடுத்து நாமே செதுக்கலாம். நடன இசைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அப்படி மூன்றின் சோதனைப் பதிப்புகளைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9, சனி

மூன்றுக்கும் நான் வைத்த பெயர்: யானை, கொசு, சாம்பல்.

யானை எல்லாரும் புகழ்வது. ஆயிரம் ஒலிகள், திரை முழுக்கப் பளபளப்பு. விலை என் இரண்டு மாதச் சம்பளம். அதுகூடப் பரவாயில்லை, என் பழைய கம்ப்யூட்டர் அதைத் திறந்ததுமே மூச்சு வாங்குகிறது. இரண்டு சுரம் சேர்ந்து வந்தால் ஒலி துண்டு துண்டாக விழுகிறது.

கொசு இலவசம். ஆசையாகத்தான் திறந்தேன். பாஸ் போட்டால் பாஸ் வரவில்லை, காதோரம் ரீங்காரம்தான் வருகிறது.

சாம்பல் — ஜெர்மனியில் ஒரே ஒரு ஆள் எழுதியது. அழகே கிடையாது, சாம்பல் நிறத்தில் ஈ.பி. மீட்டர் பெட்டி மாதிரி இருக்கிறது. இரண்டு அலைகள், ஒலியை வடிகட்ட ஒரு ஃபில்டர், கொஞ்சம் திருகுகள். முப்பத்தொன்பது டாலர். என் கம்ப்யூட்டர் திணறாமல் ஓட்டுகிறது. இரண்டு அலைகளையும் துளியூண்டு சுருதி விலக்கி வைத்தேன். ஒலி அகன்று அறை முழுக்க நின்றது. ஒரே ஆள் பத்துப் பேராகப் பாடுகிற மாதிரி.

வாங்காதவர்களுக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறுக்கே இரைச்சல் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் அடுக்களையிலிருந்து அம்மா, "அது இன்னாடி சத்தம்?"

ஜூன் 11, திங்கள்

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் சக்திவேல் ரிச்சி தெருவிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். பூட்டு உடைத்த மென்பொருள்கள். யானை, சாம்பல், இன்னும் இருபது. "இதுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா மேடம்?" என்று சிரித்தார். ஊரில் யாரும் கொடுப்பதில்லை என்பது உண்மைதான்.

சிடியை உறையிலிருந்து எடுத்தேன். டிரேயைக்கூடத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

யோக்கியம் என்று பெருமை அடித்துக்கொள்ளவில்லை. கோபம்தான் காரணம். ஒன்பது வருடம் வாசித்ததை ஒரு கையை வைத்து, இது உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது நிஜமாகவே என்னுடையது இல்லைதான். இனி நான் தொடுகிற எதைப் பற்றியும் எவரும் அப்படிச் சொல்லக்கூடாது. சின்னதாக இருக்கட்டும், அசிங்கமாக இருக்கட்டும். என்னுடையதாக இருக்கணும்.

நாளைக்கே சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாம்பல்தான். முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 16, சனி

கையில் ரூபாய் இருக்கிறது, வாங்க முடியவில்லை. கிரெடிட் கார்டு வேண்டுமாம். பாங்கில் கேட்டேன். தனியார் பள்ளி என்றதும் விண்ணப்பத்தையே எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். அவனிடம் கார்டு உண்டு. அம்மா முன்பே பேசிவிட்டாள் போலிருக்கிறது. "முதல்ல கோவில்ல போய்ப் பேசுக்கா, அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

பேச மாட்டேன்டா. உன் கார்டும் வேண்டாம்.

ஜூன் 23, சனி

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஃபாயிசா பிடித்துக்கொண்டாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். சொன்னேன். முழுக்கக் கேட்டாள். டிக்கெட் போடுவதற்காகத் தன் பெயரில் கார்டு வைத்திருக்கிறாளாம்.

"நாளைக்கே கடைக்கு வாங்க. ரூபாயா குடுத்துடுங்க, கார்டுல நான் போடுறேன்."

உங்கள் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன்.

"சொல்லுவாங்க. நான் ஆடப் போறதுக்கே சொன்னாங்க. சொல்றவங்க சொல்லிட்டே இருக்கட்டும்க்கா, நமக்கு வேலை கிடக்கு."

ஜூன் 24, ஞாயிறு

பூசைக்குப் போனேன், பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை, ஒரு கல்லூரிப் பையன் வாசித்தான். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். அங்கிருந்து நேரே ஃபாயிசாவின் கடை.

வாங்கியாகிவிட்டது. மின்னஞ்சலில் ஒரு நீண்ட எண் வந்தது. வீட்டுக்கு வந்து அடித்தேன். இரைச்சல் நின்றது. திரையில் சாம்பல் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் என் பெயர், இனிஷியலோடு.

ஜூலை 8, ஞாயிறு

அழுத்துவதற்குக் கீபோர்டு இல்லை, மவுஸால் ஒவ்வொரு சுரமாகப் பதிக்கிறேன். முதலில் எரிச்சல். இப்போது பிடித்திருக்கிறது. என் விரலுக்குப் பழகிப்போன பாதைகள் எல்லாம் ஞானப்பாட்டுக்குத்தான் போகும். மவுஸுக்கு எந்தப் பழக்கமும் இல்லை.

ஃபில்டர்தான் இதில் உயிர். மூடிவைத்தால் ஒலி பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல இருக்கும். மெல்ல மெல்லத் திறந்தால் சுவர் விலகி நம் எதிரே வந்து நிற்கும்.

ஜூலை 15, ஞாயிறு

விழாவுக்குக் கோவிலின் பங்கு மண்டபத்தைக் கேட்டிருந்தாள் சுபத்ரா. சரி என்று சொல்லியிருந்தவர்கள் இன்று இல்லை என்றுவிட்டார்கள். மண்டபப் பொறுப்பு ஜெபசீலன் சாரிடம்.

என்னால்தானே என்றேன். சுபத்ரா முறைத்தாள். "ஆடி மாசம் பொறக்கப் போகுது அமலா. தாம்பரத்துல இருக்கிற அத்தனை கல்யாண மண்டபமும் காத்து வாங்கிட்டு நிக்கும். ஒருத்தன் தர மாட்டான்?"

ஜூலை 19, வியாழன்

தந்துவிட்டான். சேலையூர்ப் பக்கம், பெரிய மண்டபம், மின்கட்டணமும் கூட்டுகிற கூலியும் கொடுத்தால் போதும். ஆகஸ்ட் 12. பங்கு மண்டபத்தைவிட இரண்டு மடங்கு பெரிது!

ஆகஸ்ட் 11, சனி

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஒத்திகை. சிடியில் பதிந்து கொண்டுபோயிருந்தேன். சவுண்ட் சர்வீஸ் துளசிங்கம் ஆளுயர ஸ்பீக்கர்கள் நான்கு கொண்டுவந்திருந்தார். போட்டார். ஐயோ. இசையே இல்லை, கடகடவென்று ஒரே உறுமல். மெட்டு எங்கோ அடியில் மூழ்கிக் கிடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் அதிர்ந்தது. துளசிங்கம் ஓடிவந்து நிறுத்தினார். "இன்னாமா இது, ஸ்பீக்கர் கிழிஞ்சிடும் போல கீது."

என் வீட்டு ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அதில் பாஸ் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். இத்தனை வாரமாக நான் கேட்காத ஒன்றைச் செய்திருக்கிறேன். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சினிமாப் பாட்டு சிடி சுபத்ராவின் பையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொல்லவும் இல்லை.

நாளை கம்ப்யூட்டரையே கொண்டுவருகிறேன் என்றேன். திருகு என் கையில் இருக்கட்டும், மண்டபத்தில் கேட்டு அங்கேயே திருத்துகிறேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

கம்ப்யூட்டர் பெட்டி என் மடியில், மானிட்டர் ஃபாயிசா மடியில், ஆட்டோ ஓட்டிய மாரி ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். மதியம் முழுக்க மண்டபத்தில் நானும் துளசிங்கமும் மட்டும். பாஸைப் பாதியாக இறக்கினேன். இன்னும் இறக்கு என்றார். இறக்கினேன். அடியில் தேவையில்லாத உறுமலை ஃபில்டரால் வெட்டினேன். அவர் கூடத்தின் கடைசி வரை நடந்துபோய் நின்று, கட்டைவிரலைக் காட்டினார்.

மாலை கூட்டம். கணவன்மார்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், எதிர்த்த வீட்டு அங்காளம்மாளோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

மேடை ஓரத்தில் கம்ப்யூட்டரோடு நான். ஃபில்டரை முழுக்க மூடி ஆரம்பித்தேன். தூரத்தில் எங்கோ நடப்பதுபோல ஒலி. பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். மவுஸைப் பிடித்துத் திருகை மெல்லத் திறந்தேன் — அவசரப்படாதே அமலா, அவசரப்படாதே — ஒலி வளர வளர அவர்கள் தோள் நிமிர்ந்தது. முழுக்கத் திறந்த இடத்தில் தாளம் இறங்கியது, பதினாறு பேரும் ஒரே காலாக மிதித்தார்கள். அது என் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. நான் செய்த பாஸை நான் முதல்முறை உடம்பால் கேட்டேன்.

பாதியில் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். மேடையில் ஞானசௌந்தரி டீச்சர்கூட ஆட்டத்தை நிறுத்தவில்லை. முடிந்ததும் ஃபாயிசா மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, வியர்வை வழிய, இன்னொருமுறை என்று விரலைச் சுழற்றினாள். இன்னொருமுறை போட்டேன்.

திரும்பும்போது மானிட்டரை அம்மா தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஜெபசீலன் சார் வீட்டுக்கே வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். கல்லூரிப் பையன் வேலை கிடைத்து பெங்களூர் போகிறானாம், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் வேண்டும். கீபோர்டை வாரநாளில் நானே வைத்துக்கொள்ளலாம். "அந்த டான்ஸ் விஷயத்தை மட்டும் விட்டுடு. குழுவுல எல்லாருக்கும் சங்கடமா இருக்கு."

சங்கடம் இல்லாதபோது கூப்பிடுங்கள் சார், அன்றே வந்து வாசிக்கிறேன், அதுவரை பெஞ்சிலிருந்து பாடுகிறேன் என்றேன். அம்மா இடையில் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவருடைய டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 22, சனி

நிறைய எழுத நேரமில்லை. அடுத்த வாரம் முதல் சுபத்ரா புதிதாக ஒரு வகுப்பு தொடங்குகிறாள், ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, காலையில். அதற்கு மெதுவாக ஒன்று வேண்டும். ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அங்காளம்மாள் உட்பட.

ஆறாவது பெயர் அம்மா. என்னிடம் சொல்லவே இல்லை. சாயங்காலம் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, திரையில் தாளத்தின் வேகம் காட்டும் எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நூத்திப் பத்துக்கு மேல வெக்காதடி" என்றாள். போய்விட்டாள்.