சிரிக்கிற மூஞ்சியைத் தொட்ட விரல்

என் ராமாயி அக்காவுக்கு,

ஆசையாகத்தான் தொடங்குகிறேன். முடிக்கும்போது எப்படி இருப்பேன் என்று தெரியாது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னைத் திட்டுவதற்கு இப்போதுதான் எனக்குத் தெம்பு வந்திருக்கிறது.

போன வாரம் அந்த ட்ரஸ்ட்காரர்கள் மறுபடி நம்ம ஊருக்கு வந்தார்கள், அதே அட்டையோடு. உனக்கு ஞாபகம் இருக்குமே, வரிசையாக ஆறு மூஞ்சி போட்ட அட்டை. முதல் மூஞ்சி சிரிக்கும், கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டு அழும். உன் வலி எந்த மூஞ்சி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

முதல் தடவை வந்தபோது என்னவெல்லாம் சொன்னார்கள்! நம்ம மலைமேலேயே, வெள்ளிமலையில் வலிக்கென்றே ஒரு அறை, வாரத்தில் இரண்டு நாள் டாக்டர், உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு ஆள், ஊர் ஊராக வர ஒரு வேன். பணம் இருக்கிறது, எந்தப் பக்கம் தேவை அதிகம் என்று பார்த்துத் தருவோம் என்றார்கள். அங்கன்வாடி டீச்சர் என்பதால் ஊர்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைக்கிற வேலை என்னுடையது. வாசலில் கோலம் போட்டேன், வரக்காப்பி போட்டேன். உன்னை முதல் ஆளாக உட்காரவைத்தேன். இந்த ஊரில் உன்னைவிட வலி பட்டவள் யார் இருந்தாள்?

மரவள்ளி மூட்டையோடு சரிவில் விழுந்தாயே, அதிலிருந்து பதினோரு வருஷம். இடுப்பில் பிடித்தால் குதிகால் வரைக்கும் இழுக்கும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் மலைப்பாதை பஸ். அத்தனை வளைவிலும் குலுங்கிப் போய், வரிசையில் நின்று, அஞ்சு நாள் மாத்திரை வாங்கி, அதே வளைவில் குலுங்கித் திரும்ப வேண்டும். "வலியக் காட்டப் போயி இன்னும் ஜாஸ்தி வாங்கிக்கினு வரேன்டி" என்றாய் ஒருநாள். அப்புறம் போகவே இல்லை. மருந்துக்கடை மாத்திரைதான். அதன் பேர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாராவது கீழே போனால் "அந்த ரோஸ் மாத்திரை" என்று சொல்லி அனுப்புவாய்.

ட்ரஸ்ட்காரர்கள் முதலில் வந்த அன்றைக்குக் காலையில் உன்னால் பாயைவிட்டு எழ முடியவில்லை. நான்தான் தூக்கி நிறுத்தி, பழைய சேலையைக் கிழித்து உன் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். வந்தவர்கள் முன்னால் நல்லபடியாக நடந்து போக வேண்டுமென்று ரோஸ் மாத்திரை இரண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டாய். தலையில் பூ வேறு. பெண் பார்க்கவா வருகிறார்கள் என்று உன்னைக் கேலி செய்தேன்.

"அம்மா, உங்க வலி இதுல எந்த மூஞ்சி மாதிரி இருக்கு, காட்டுங்க" என்றாள் அவர்களோடு வந்த ஒரு பெண். நீ அட்டையைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். சிரிக்கிற மூஞ்சியில் விரலை வைத்தாய்.

உனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா என்ன செய்வாள்? எழவே முடியாத ராமாயியே சிரிக்கிறாள், முட்டி வலிக்காரி நான் எப்படி அழுவது என்று நினைத்திருப்பாள். அவளும் அதையே தொட்டாள். அப்புறம் வரிசை முழுக்க அதையேதான் தொட்டது. நான் காப்பித் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. "உங்க ஊர் ஜனங்க ரொம்ப நல்ல மாதிரி டீச்சர்" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அக்கா. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னாக்கா, இப்டிப் பண்ணிட்ட?"

"மலையேறி நம்மளப் பாக்க வந்த பொண்ணுடி. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கினு வந்திருக்குது. அதுங்கிட்டப் போயி அழுவற மூஞ்சியக் காட்டச் சொல்றியா?"

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நம்ம மலையில் தேவை குறைவாம். பணம் சங்கராபுரம் பக்கம் ஒரு ஊருக்குப் போய்விட்டது. நான் படித்துக் காட்டினேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "அவங்களுக்கு ஜாஸ்தி வலிக்குது போல, பாவம்" என்றாய்.

அவர்களுக்கும் வலிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலிக்கிற இரண்டு ஊரை எதிரெதிரே உட்காரவைத்து, யார் நன்றாக அழுகிறார்கள் என்று பார்த்துத்தான் பணம் தர வேண்டுமா? மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்கும் என்பதற்கு அட்டை வேறு வேண்டுமா? மலையேறும்போது வழியெல்லாம் வாந்தி எடுத்தவளுக்கு, இந்த வழியாக ஒரு நோயாளி எப்படிப் போய்வருவாள் என்று ஏன் தோன்றவில்லை?

அந்தக் கடிதம் வந்த எட்டாவது மாதம் நீ ரத்தமாக வாந்தி எடுத்தாய். ஜீப்பில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கீழே கொண்டுபோனேன். அந்த மாத்திரையை எத்தனை வருஷமாகச் சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதாம். நீ எதனால் செத்தாய் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் வயிறு என்றுதான் எழுதியிருந்தது. வலி என்று எங்கேயும் எழுதவில்லை.

இந்தத் தடவை அவர்கள் வருவதற்கு முந்தின நாளே எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். "யாரும் மரியாத பாக்காதீங்க. வலிச்சா வலிக்குதுன்னு காட்டுங்க." முதல் ஆளாக நானே உட்கார்ந்தேன். உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது, அக்கா. நீ இருந்தபோது அதை உன்னிடம் சொன்னதில்லை. வந்தவள் வேறு ஒரு பெண். வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவள், முதலில் "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அப்புறம் அட்டையை நீட்டினாள்.

என் விரல் நேராகச் சிரிக்கிற மூஞ்சிக்குத்தான் போனது.

உன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக் கடைசி மூஞ்சியில் வைத்தேன். ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி உடம்பு கூசியது. சின்னப்பாப்பாவும் அங்கேயே வைத்தாள். வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காத கண்ணு. நெசமாவே வலிக்குது."

மேலே எழுதி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பணம் வருமா, நம்மைவிட நன்றாக அழுகிற ஊர் எதையாவது கண்டுபிடிப்பார்களா, தெரியாது. வேன் வந்தாலும் உன் வாசலில் நின்று யாரைக் கூப்பிடும்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்னும் எத்தனை தடவை அந்த அட்டை மலையேறி வந்தாலும் முதல் ஆளாக நான்தான் உட்காருவேன். சிரிக்கிற மூஞ்சியை நம்ம ஊரில் உண்மையிலேயே வலிக்காதவள் தொடட்டும். அப்படி ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீ சொல்லாமல் போன வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கப்போகிற
உன் தங்கச்சி,
பூங்காவனம்