நாற்பத்தேழால் வகுபடும் எண்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? இங்கே உங்கள் தங்கை தலைகுனிந்தபடி நலம்.

நேற்றுக் கூட்டத்தில் பதிப்பாசிரியர் கணக்குப் புத்தகத்தில் நான் எழுதிய பாடத்தை விரித்து வைத்து, "8388607 பகா எண்ணுன்னு போட்டிருக்கீங்க. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் நாற்பத்தேழால வகுத்து அனுப்பியிருக்காரு" என்றபோது எனக்குக் காது சுட்டது. இருபத்துமூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண். பதினொரு இரண்டுகளிலேயே இந்த வழி காலை வாரிவிடும், பகா எண் வராது என்பது நமக்குத் தெரியும். ஆனால் பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது மூன்றும் ஒழுங்காகப் பகா எண் தந்ததால் இதுவும் தரும் என்று எழுதிவிட்டேன். மடத்தனம் என்னுடையதுதான்.

ஆனால் "போட்டுப் பாத்துட்டேன், அச்சுக்கு அனுப்பு" என்றது பாடத்தைச் சரிபார்க்க வேண்டிய நீங்கள். "யாராவது சரிபாத்தீங்களா?" என்று அவர் கேட்டபோது தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணனைக் காட்டிக்கொடுக்க எனக்கு நா எழவில்லை. என்னை நீக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அன்புடன்,
தங்கை

ஜூன் 13

என் செல்லத் தங்கைக்கு,

எழுதவே கை கூசுகிறது. நான் போட்டுப் பார்க்கவே இல்லை. கணக்கில் புலி என்று கல்லூரியே சொல்கிறது, நான் பார்த்தாலே போதும் என்ற மிதப்பு.

பதிப்பாசிரியரின் அறை வாசல்வரை உண்மையோடுதான் போனேன். உள்ளே போனதும், "பிரதியில பத்தொன்பதுக்கு உரிய 524287தான் இருந்துச்சு, தட்டச்சுல மாறிப்போச்சு" என்று வாயில் வந்துவிட்டது. நம்பிவிட்டார். உன் வேலைக்கு இனிப் பயமில்லை. தட்டச்சு செய்த பெண்ணை நிறுத்திவிட்டார்களாம். அது என்னை அரிக்கிறது. ஆனாலும் நீ பிழைத்தாயே, அது போதும். இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்

ஜூன் 16

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை.

அந்தப் பெண் என் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சரியாகத்தான் அடித்தாள். பதிப்பாசிரியரிடம் போய், எண் நான் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன். "அப்போ உங்க அண்ணன் சொன்னது?" என்றார். "அவரையே கேளுங்க சார்" என்றேன். அவள் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாள். எனக்கு அங்கே இனி வேலை இல்லை.

நேற்று வெட்கத்தோடு உட்கார்ந்து அந்த எண்ணை முழுவதுமாகப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைப்படை. நாற்பத்தேழும் 178481-ம் பெருக்கி வந்த பகு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினாலும் தன்னளவுக்கு வராத குறை எண். இவ்வளவையும் கண்டுபிடிக்க ஒரு மாலைகூட ஆகவில்லை. நம் இருவருக்கும் அந்த ஒரு மாலை இல்லாமல் போனது.

வேலை போனதற்கு அழவில்லை. உங்களை நினைத்துத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் தன் பையை எடுக்க வந்தபோது கேட்டாள்: "சார் ஏன்க்கா அப்படிச் சொன்னாரு? என் மேல ஏதாவது கோபமா?"

பதிலை நீங்களே போய் அவளிடம் சொல்லுங்கள். அதுவரை என் வீட்டுக்கு வர வேண்டாம்.

தங்கை